கலக்கப்படாத வாக்குகள்

2021ஆம் ஆண்டில் கோலியனூர் வட்டார மக்கள் இருமுறை வாக்களித்தனர். ஏப்ரல் 6ஆம் நாள் சட்டமன்றத் தேர்தலுக்கு இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினர். அக்டோபரில், ஊரக உள்ளாட்சித் தேர்தலின் நான்கு பதவிகளுக்கும் வெவ்வேறு நிறச் சீட்டுகளில் முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் இட்டனர். இரண்டும் மறைவாக அளிக்கப்பட்ட வாக்குகளே. ஆயினும் இயந்திரம் வந்தபின் மறைவு என்பதன் பொருள் சற்றே மாறிவிட்டது. அதைப் பற்றித்தான் இங்குப் பேச விழைகிறோம்.

இயந்திரம் முதன்முதலில் களம் கண்டது 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். சிவன் பிள்ளை 123 வாக்குகளில் வென்றார். சட்டத்தில் இயந்திரத்திற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் கூறவே, அந்த ஐம்பது சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தது; ஏ.சி. ஜோஸ் வென்றார். பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இவ்வியந்திரத்தை உருவாக்கியதில் நம் சுஜாதாவுக்கும் பங்குண்டு என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2001இல் தமிழகம் முழுவதும் இயந்திரத்தில் வாக்களித்தது. அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் சென்ற அ.தி.மு.க.வே அத்தேர்தலில் வென்றது என்பது ஒரு வேடிக்கை.

செல்லாத வாக்குகள் ஏறக்குறைய மறைந்தன. நிமிடத்திற்கு நான்கைந்து வாக்குகளுக்கு மேல் ஏற்காததால் கட்டுக்கட்டாகக் குத்தித் தள்ளுவதும் கடினமாயிற்று. இவை மெய்யான நன்மைகள். இழந்தது வேறொன்று.

சீட்டுக் காலத்தில், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்தபின் எண்ணுவதற்குத் தேர்தல் விதிகளில் இடமிருந்தது. எந்த ஊர் எவருக்கு வாக்களித்தது என்று எவருக்கும் தெரியக்கூடாது என்பதே நோக்கம். உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் குடத்திலிட்ட ஓலைகளைக் குலைத்துக் கலக்கும் ஏற்பாடு உண்டு. அது குலுக்கலுக்காக, இது அச்சம் தவிர்ப்பதற்காக. இயந்திரத்தையோ அவ்வாறு கலக்க இயலாது. ஒவ்வொரு சாவடியின் எண்ணும் தனித்தனியே அறிவிக்கப்பட்டு, படிவம் 20இல் ஏறி, இணையத்திலும் வெளியாகிறது.

நம் பக்கத்துக் கிராமங்களை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். ஊர்த்தெரு ஒருபுறம், காலனி ஒருபுறம். இரண்டுக்கும் தனித்தனிச் சாவடி அமைந்துவிட்டால், ஒரு சாவடியின் கணக்கு ஏறத்தாழ ஒரு சாதியாரின் கணக்காகிவிடும். தனிமனிதனின் வாக்கு மறைந்திருக்க, அவன் தெருவின் வாக்கு வெட்டவெளியில் நிற்கிறது. குடிநீர்க் குழாய்க்கோ தெருவிளக்குக்கோ மனுவோடு செல்பவரிடம், உங்கள் சாவடியில் எத்தனை விழுந்தது என்று கேட்க எவராலும் இயலும். இது வெறும் கற்பனை அச்சமன்று. 2019இல் உத்தரப் பிரதேசத்தின் சுல்தான்பூரில் போட்டியிட்ட மேனகா காந்தி, கிடைக்கும் வாக்கு விகிதப்படி கிராமங்களை ஏ, பி, சி, டி எனப் பிரித்து, அவ்வரிசையில் பணிகள் செய்யப்படும் என்று பேசினார். தேர்தல் ஆணையம் கண்டித்தது. ஆயினும் அவ்வாறு பிரிப்பதற்கு வேண்டிய கணக்கைத் தருவது அந்த ஆணையமே அல்லவா?

ஆணையம் இதை அறியாததன்று. பதினான்கு சாவடிகளின் இயந்திரங்களை இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' என்னும் கருவியை 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015ஆம் ஆண்டின் 255ஆம் அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் அதை ஏற்கவில்லை. எங்கே நன்கு செயல்பட்டோம், எங்கே இன்னும் உழைக்க வேண்டும் என்று வேட்பாளர்கள் அறியச் சாவடிவாரிக் கணக்கு உதவும் என்றது. உழைப்புக்கு உதவும் அதே கணக்கு பழிதீர்க்கவும் உதவுமே என்பதற்கு அதில் விடையில்லை.

இதற்கிடையே 2025இல் ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர் என்றிருந்த உச்சவரம்பு 1,200 ஆகக் குறைக்கப்பட்டது. வரிசையில் நிற்கும் நேரம் குறையும் என்பதால் நாமும் அதை வரவேற்கிறோம். படிவம் 20இல் இனி இன்னும் சிறிய தெருக்கள் தெரியும்.