வை. கணபதி ஸ்தபதி

வை. கணபதி ஸ்தபதி (1927 – செப்டம்பர் 2011) தமிழ்நாட்டைச் சேர்ந்த சிற்பியும் கோயிற் கட்டடக் கலைஞரும் ஆவார். கன்னியாகுமரியிலுள்ள 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை இவரது தலைமையில் உருவானது. தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வந்த சிற்பத் தொழிலைக் கல்லூரியில் பயிலும் பாடமாக நிலைநிறுத்தியதிலும் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

வாழ்க்கை

காரைக்குடியை அடுத்த பிள்ளையார்பட்டியில் சிற்பிகள் மரபில் பிறந்தார். தந்தை வைத்தியநாத ஸ்தபதி. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்றபின் பழனி கோயிலில் ஸ்தபதியாகப் பணியாற்றினார். 1957 இல் அரசு மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பப் பயிற்சிப் பள்ளிக்குத் தந்தை தலைமை வகித்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற கணபதி ஸ்தபதி ஏறத்தாழ 27 ஆண்டுகள் அதனை நடத்தினார். அக்காலத்தில் பள்ளி கல்லூரியாக வளர்ந்து, சிற்பமும் மரபுக் கட்டடக் கலையும் பட்டப்படிப்புகளாயின.

திருவள்ளுவர் சிலை

சிலைப்பணி 1990 இல் தொடங்கி, 2000 சனவரி 1 அன்று சிலை திறக்கப்பட்டது. திருக்குறளின் 133 அதிகாரங்களை மொத்த உயரம் குறிக்கிறது. இதில் 38 அடிப் பீடம் அறத்துப்பாலையும், 95 அடிச் சிலை பொருட்பால், காமத்துப்பால் ஆகியவற்றையும் குறிக்கும். ஏறத்தாழ 7,000 டன் எடையுள்ள கற்கள் பயன்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி தென்காசிக்குத் தென்கிழக்கேயுள்ள அம்பாசமுத்திரத்திலிருந்து பெறப்பட்டது.

சிலை ஒரே கல்லாலானது அன்று. உள்ளே வெற்றிடம் விட்டு, கல் உத்திரங்களைக் குறுக்கே அடுக்கி உறுதிப்படுத்தியுள்ளனர். இடுப்பு சற்றே வளைந்து நிற்கும் தோற்றம் என்பதால் எடையைச் சமன்செய்வது கடினமான பணியாகும். இதற்காக முன்னரே மரத்தால் மாதிரி செய்து பார்க்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் சிலை தாங்கி நின்றது.

பிற பணிகள்

திருவாரூர்த் தேரை ஒத்த சென்னை வள்ளுவர் கோட்டம் (1976), பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடம் ஆகியவை இவரது பணிகளுள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவின் அவாய்த் தீவுகளில் இவர் வடிவமைத்த இறைவன் கோயிலுக்கு, இவரது மறைவுக்குப்பின் 2023 இல் குடமுழுக்கு நடைபெற்றது.

கருத்துகள்

மயன் எனும் பண்டைய சிற்பநூலாசிரியர் தமிழர் என்றும், நடு அமெரிக்க மாயன் நாகரிகத்துடன் அவருக்குத் தொடர்பு உண்டு என்றும் இவர் கருதினார். இக்கருத்தை வரலாற்றாய்வாளர்கள் ஏற்கவில்லை.

சிறப்பு

2009 இல் இந்திய அரசின் பத்ம பூசண் விருது பெற்றார். தென்காசி காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியனின் பெயர் பலரும் அறிந்ததே. அதன் தூண்களைச் செதுக்கியோரின் பெயர்கள் அவ்வாறு அறியப்படவில்லை. அத்தகைய மரபில் வந்த ஒருவர், தம் படைப்புகளுடன் தம் பெயரும் அறியப்பட வாழ்ந்தது குறிப்பிடத்தக்கது.