கடல்நீரேரியை நன்னீராக்கலும் மீன்வளமும்

புங்குடுதீவில் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழையே அத்தீவின் குளங்களையும் கேணிகளையும் நிரப்புகின்றது. கோடையில் அவை வற்ற, கிணறுகள் பலவும் உவர்க்கின்றன. குடிநீருக்கு வெளியிடத்தை நோக்கியிருக்கும் இவ்வூரவர்க்கு, மழைநீர் கடலிற் சேர்வது வீண் எனத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் அவர்களுட் பலர் கடலை நம்பி வாழ்பவர். குடாநாட்டு நீர்த்திட்டங்களில் இவ்விரு நலன்களும் ஒருங்கே எண்ணப்பட்டது அரிது.

இதற்குத் தக்க சான்று, பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டமாகும். கனகராயன் ஆற்றுநீர் இரணைமடுவைக் கடந்து ஆனையிறவுக் கடல்நீரேரியை அடைகின்றது. அதனை ஆங்கே தேக்கி, ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமான கால்வாய் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்குச் செலுத்துவதும், தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகளால் உவர்நீரைத் தடுப்பதும் திட்டத்தின் சாரம். நாளடைவிற் கிணறுகள் நன்னீராகும் என்பது எதிர்பார்ப்பு. 1960களிற் தொடங்கிய வேலைகள் முற்றுப்பெறவில்லை.

திட்டத்தின் நோக்கம் உயர்ந்ததே. ஆனால் இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் நீரேரியுட் புகுந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்லும். கொடுவாய்க்கும் மணலைக்கும் இவ்விரு நீர்களும் வேண்டும். கதவு மூடியிருப்பின் குஞ்சுகளின் வழி அடைபடும். ஆற்றுநீர் குறையின் நீரேரியின் உப்பு மிகும். எகிப்தில் 1964 இல் அசுவான் உயரணை நைல் வெள்ளத்தைத் தேக்கத் தொடங்கியபின், கழிமுகக் கடலிற் சாளை மீன்பிடிப்பு சில ஆண்டுகளிலேயே பத்திலொரு பங்கினும் குறைந்தது. வெள்ளம் சுமந்துவந்த ஊட்டச்சத்து அற்றுப்போனதே காரணம். கனகராயன் ஆறு நைலன்று. பருவத்தில் மட்டுமே பெருகுவது. எனினும் அப்பருவமே இங்கு மீனின் பருவமுமாகும்.

நன்னீராகிய ஏரியில் வேறு மீனை வளர்க்கலாமே என வாதிடுவோர் உளர். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா குளங்களிற் பெருகிய வரலாறு அவர்க்குத் துணை. ஆனால் இறாலின் விலை திலாப்பியாவுக்கு இல்லை. களங்கண்ணியிட்டுப் பழகியவரும் குளத்து வலைஞரும் ஒருவரல்லர். கதவுகளை வெள்ளத்தின் அளவு பார்த்து மட்டுமன்றி, குஞ்சுகள் உட்புகும் காலம் பார்த்தும் திறத்தல் இயலக்கூடியதே.

பின்னாளில் இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொணர முயன்றபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். மாற்றாகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்தது. அங்கு எதிர்த்தவர்கள் மீனவர்கள்.