மயிலாப்பூர் கைவிட்ட குவளை

தி.நகரிலும் அடையாறிலும் முதுகுவலிக்காரர்களுக்குக் குவளை வைக்கும் நிலையங்கள் அதைச் 'சைனீஸ் கப்பிங்' என்று சொல்லித்தான் அழைக்கின்றன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் இருந்த வட்டத் தடங்களை உலகமே பார்த்த பிறகு, அந்தப் பெயருக்குக் கவர்ச்சியும் கூடிவிட்டது. ஆனால் இந்த வைத்தியம் நமக்குப் புதிதாக வந்து சேர்ந்ததல்ல. இங்கேயே இருந்தது, செய்தவர்களின் சாதியால் மதிப்பிழந்தது, நாட்டு வைத்தியத்துக்குப் புதுவாழ்வு தேடிய கற்றவர்கள் அதைக் கூடவே அழைத்துச் செல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இன்று சீனப் பெயர் குடியேறியிருக்கிறது என்பது என் துணிபு.

சுசுருத சம்ஹிதை குருதி எடுக்க மூன்று வழி சொல்கிறது: வாத தோஷத்துக்கு மாட்டுக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுக்கை. குடுக்கைக்குள் விளக்கை எரியவிட்டு உடம்பில் கவிழ்ப்பார்கள். உள்ளே சூடான காற்று ஆறிச் சுருங்கும்போது தோல் மேலே இழுக்கப்படும். இன்றைய கண்ணாடிக் குவளையில் நெருப்புக் காட்டுவதும் இதே வேலைதான். சித்த மருத்துவம் வகுத்த 32 புற மருத்துவங்களில் அட்டை விடல், உறிஞ்சல், குருதி வாங்கல் மூன்றும் உண்டு. தமிழ்நாட்டில் கத்தி பிடிப்பது, கட்டி கீறுவது, இரத்தம் வாங்குவது போன்ற கைவேலைகள் பெரும்பாலும் நாவிதர் குடும்பங்களிடம் இருந்தன. அந்தக் குடும்பத்துப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர் என்ற பெயர் அந்தச் சமூகத்துக்கு வழங்கியது சும்மா அல்ல. சீனாவிலும் தொடக்கம் கொம்புதான். கி.மு. 168-இல் மூடப்பட்டு 1973-இல் தோண்டப்பட்ட மாவாங்துய் கல்லறையின் பட்டுச் சுவடிகளில் கொம்பு வைத்து உறிஞ்சும் முறை இருக்கிறது. நான்காம் நூற்றாண்டுச் சீன அறிஞர் கோ ஹொங் சீழ்க்கட்டிக்கு விலங்குக் கொம்பைப் பயன்படுத்தினார். எகிப்தும் கிரேக்கமும் அரபு நாடுகளும் இதை அறிந்திருந்தன. தனியுரிமை எவருக்கும் இல்லை.

சென்னையில் நாட்டு வைத்தியம் மறுபடி தலைநிமிர்ந்த கதை மயிலாப்பூரோடு பிணைந்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி அய்யர் 1905-இல் அங்கே வெங்கடரமணா ஆயுர்வேத மருந்தகத்தை நிறுவினார். நாட்டு வைத்தியம் குறித்து 1921-இல் அரசு அமைத்த முகமது உஸ்மான் குழு 1923-இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டே ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றுக்குமான அரசு மருத்துவப் பள்ளி உருவானது. குழுவின் செயலாளராக இருந்து பள்ளியின் முதல்வரான கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி மேலை மருத்துவம் படித்தவர். பிற்பாடு அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் இருந்தவர். இவர்கள் செய்தது பெரும்பணி, மறுக்க முடியாது. என்றாலும் அவர்கள் கண்ணில் வைத்தியம் என்பது சுவடியும் மருந்தும் பண்டிதரும்தான். கத்தி வேலையை மேலை முறைப்படி கற்பிக்கலாம் என்ற தீர்மானம் வந்ததும், ஊர் நாவிதரின் கைப்பழக்கத்துக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லாமல் போனது.

குருதி வாங்குவதை வீழ்த்தியது சாதியல்ல, அறிவியல் என்று ஒருவர் சொல்லலாம். அதில் பாதி உண்மை. பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டு, நிமோனியாவில் இரத்தம் எடுப்பதால் பெரிய பயனில்லை என்று காட்டிய நூல் 1835-இல் வெளியானது.  ஆனால் லூயி கேள்வி கேட்டது இரத்தம் எடுப்பதைப் பற்றி. தோலைக் கீறாமல் வைக்கும் குவளையை அது தொடவில்லை. அந்த நூலுக்குப் பிறகும், 1929-இல், பாரிஸ் மருத்துவமனை ஒன்றிலேயே ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லுக்குக் குவளை வைத்தார்கள். சென்னையிலும் யுனானி மருத்துவர்கள் ஹிஜாமா என்ற பெயரில் இதை இன்றும் செய்கிறார்கள். அறிவியல் மட்டுமே காரணமென்றால் அவர்களிடமும் அது அழிந்திருக்க வேண்டும். இன்று நூலும் கையும் அங்கே ஒரே மருத்துவரிடம் இருக்கின்றன, வேறுபாடு அதுதான்.

பழமை பயனுக்குச் சான்றாகுமா என்ற கேள்வி இதைவிட வலுவானது. ஆகாது. குவளை வைத்தால் முதுகுவலி கொஞ்ச நாளுக்குக் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சிறியவை; தோல் இழுபடுவது நோயாளிக்குத் தெரிந்துவிடுவதால் போலிக் குவளையோடு ஒப்பிடுவதும் கடினம். சிவந்த தடம் 'கெட்ட இரத்தம்' வெளியேறிய அடையாளம் அல்ல. தோலுக்கடியில் நுண்குழாய்கள் கசிந்த தடம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் இதற்குப் போகக்கூடாது. கால் மரத்துப்போவதும் சிறுநீர் கட்டுப்படாததும் சேர்ந்த முதுகுவலி என்றால் நேரே மருத்துவமனைதான்.

வரலாற்றுக் கடன் ஒன்று பாக்கியிருக்கிறது. அரும்பாக்கம் சித்த, யுனானிக் கல்லூரிகளும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் நாவிதர் குடும்பங்களில் மிஞ்சியிருக்கும் முதியவர்களைத் தேடிப்போய், அவர்கள் கண்டதையும் செய்ததையும் அவர்கள் வாய்ச்சொல்லிலேயே பதிவு செய்ய வேண்டும். அவர்களுக்கு வயதாகிவிட்டது, இந்த வேலையை இனியும் தள்ளிப்போட வேண்டாம்.