உச்சவரம்பை வைத்தது யார்? லினக்ஸ் கெர்னலில் புரோசசர் மீடிறன் கட்டுப்பாட்டின் வரலாறு

பெட்டியில் 2.4 கிகாஹேர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும் மடிக்கணினி 800 மெகாஹேர்ட்ஸைத் தாண்டாமல் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பழுதுபார்ப்போர் நன்கு அறிவர். பல வேளைகளில் புரோசசரில் பழுது எதுவும் இருக்காது. யாரோ அதற்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். வைத்தது பயனரா, பயோஸா, வெப்பக் கட்டுப்பாடா, சிப்புக்குள்ளேயே குந்தியிருக்கும் இன்னொரு சிறு கட்டுப்படுத்தியா? இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் பணிசெயல் முறைமைகளுக்கு நெடுங்காலம் பிடித்தது. லினக்ஸ் கெர்னலின் ‘சிபியுஃப்ரெக்’ பகுதியை முன்வைத்து அந்தப் பாதையை இக்கட்டுரை ஆராய்கிறது. வரம்பைச் சரியாகக் கணித்தது ஒரு சாதனைதான். வரம்புக்குக் காரணம் சொல்லத் தொடங்கியது அதைவிடப் பெரிய சாதனை என்பது என் வாதம். அந்த இரண்டாவது வேலையில் பெங்களூருவில் எழுதப்பட்ட ஒரு டிரைவருக்கு முக்கிய பங்குண்டு.

புரோசசர் மாறிமாறி இயங்கும்போது செலவாகும் வலு, வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் மீடிறனுக்கும் விகிதசமமானது. மீடிறனைக் குறைத்தால் வோல்ற்றளவையும் இறக்கலாம். அந்த வர்க்கத்தில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது. 2000ஆம் ஆண்டளவில் இன்டெலின் ஸ்பீட்ஸ்டெப், ஏஎம்டியின் பவர்நவ், டிரான்ஸ்மேட்டாவின் லாங்ரன் ஆகிய மூன்றும் மடிக்கணினிகளுக்கு வந்தன. லினக்ஸ் பக்கத்தில் ரஸல் கிங் ஆர்ம் புரோசசர்களுக்காகத் தொடங்கிய வேலையை டொமினிக் புரோடோவ்ஸ்கி முதலானோர் பொதுச் சட்டகமாக வளர்த்தனர். 2002இல் 2.5 வளர்ச்சித் தொடருக்குள் நுழைந்த அது, 2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்போடு பரவலாயிற்று.

அந்தச் சட்டகத்தின் நடுவில் இருப்பது ‘பாலிசி’ என்னும் பதிவு: ஒரு கீழ்வரம்பு, ஓர் உச்சவரம்பு, இடையில் எந்த மீடிறனைத் தேர்வது என்று முடிவுசெய்யும் ‘கவர்னர்’. 2004இல் 2.6.9 பதிப்பில் வெங்கடேஷ் பள்ளிபாடியும் ஜுன் நாகஜிமாவும் சேர்த்த ‘ஒன்டிமாண்ட்’, வேலைப்பளுவை அளந்து மீடிறனை ஏற்றி இறக்கியது. ஆய்வுகள் பெரும்பாலும் இந்தக் கவர்னர்களின் பின்னால்தான் சென்றன. வரம்புகளை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆனால் கவர்னர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தனக்கு விடப்பட்ட இடைவெளிக்குள்தான் அவனால் விளையாட முடியும்.

வரம்பை மாற்ற விரும்பும் தரப்புகள் அன்று ஓர் அறிவிப்புச் சங்கிலியில் இணைந்திருந்தன. யாராவது பாலிசியைப் புதுப்பிக்கச் சொன்னால், கெர்னல் அந்தப் பதிவைச் சங்கிலியில் ஒவ்வொருவரிடமும் நீட்டும். அவரவர் அதில் உச்சவரம்பை வெட்டிக் கொடுப்பர். வெப்பக் கட்டுப்பாடு இப்படி வெட்டியது. வன்பொருளின் வலு நிர்வாகத்துக்கான பொது இடைமுகமான ஏசிபிஐ வழியாக, எந்த வேகம்வரை போகலாம் என்று பயோஸ் சொல்லும் ‘பிபிசி’ எண்ணும் இப்படியே உள்ளே வந்தது. கடைசியில் வெட்டுண்ட எண் மட்டும் மிஞ்சும். வெட்டியவர் பெயர் எங்கும் பதிவாகாது. தன் கோரிக்கையைத் தளர்த்த நினைப்பவர்கூட, முழுப் பாலிசியையும் மறுபடி புதுப்பிக்கச் சொல்லிவிட்டுத் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். 2009இல் தாமஸ் ரெனிங்கர் ‘பயோஸ்_லிமிட்’ என்னும் சிறு கோப்பைச் சேர்த்ததும் பயோஸ் வைத்த வரம்பாவது தனியே கண்ணுக்குத் தெரிந்தது. பொருந்தாத சார்ஜரைச் செருகினால் சில மடிக்கணினிகளின் பயோஸ் சத்தமில்லாமல் வேகத்தைப் பிடித்துவைக்கும். அப்படிப்பட்ட கணினியோடு போராடியவர்களுக்கு இந்தக் கோப்பின் அருமை தெரியும்.

பெங்களூருவின் பங்கு இங்கே தொடங்குகிறது. ஐபிஎம் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்த வைத்தியநாதன் ஸ்ரீனிவாசனும் கௌதம் ஷெனாயும் அவர்களின் சகாக்களும் பவர்8 சேவையகங்களுக்காக எழுதிய ‘பவர்என்வி’ டிரைவர் 2014இல் 3.15 பதிப்பில் சேர்ந்தது. பவர்8 சிப்பில் ஓசிசி எனப்படும் தனிக் கட்டுப்படுத்தி உண்டு. மின்வழங்கி ஒன்று செயலிழந்தாலோ வெப்பம் மிஞ்சினாலோ அது கெர்னலைக் கேட்காமலே உச்சவரம்பை இறக்கிவிடும். கெர்னல் ஒரு மீடிறனைக் கேட்கும். சிப் வேறொன்றில் ஓடும். இரண்டுக்கும் இடையிலான முரண் பணிசெயல் முறைமைக்குத் தெரியாது. வாடிக்கையாளருக்கு வேகத்தை விற்கும் சேவையகத்தில் இது சிறிய விடயமல்ல.

2015 முதல் ஷில்பஸ்ரீ பட் எழுதிய திருத்தங்கள் இந்த முரணை வெளியே கொண்டுவந்தன. டிரைவர் சிப்பின் நிலைப் பதிவேட்டைப் படித்து, அதிலுள்ள உச்ச எண் தனக்கு முதலில் சொல்லப்பட்ட உச்சத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு கேள்வி: வரம்பு டர்போ எல்லைக்குள் மட்டும் இறங்கியதா, அறிவிக்கப்பட்ட சாதாரண வேகத்துக்கும் கீழே போய்விட்டதா? முதலாவது பொறுத்துக்கொள்ளக்கூடியது; இரண்டாவது வாக்குத் தவறுவது, ஆகவே எச்சரிக்கை எழுதப்படுகிறது. 2016இல் இந்தக் கணக்கு, கெர்னல் தன் நிலையைப் பயனருக்குக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் கோப்புகளாகவே வந்தது. வலு வரம்பு, மிகை வெப்பம், மின்வழங்கிப் பழுது, மிகை மின்னோட்டம், ஓசிசி மீளமைவு என்று ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனி எண்ணிக்கை உண்டு. எண்ணோடு காரணத்தையும் சேர்த்து வைத்த இந்தப் பட்டியலை எவரும் திறந்து படிக்கலாம். மீடிறன் வரம்பு பற்றிய முழு வரலாற்றிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

அதே ஆண்டில் அக்ஷய் அடிகாவும் ஷில்பஸ்ரீ பட்டும் சேர்த்த இன்னொரு நுணுக்கத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. மையங்களின் மீடிறன் உடனே இறங்கினாலும், சிப் முழுவதற்குமான வோல்ற்றளவு நிலை மெதுவாகவே இறங்கட்டும் என்று அவர்கள் முடிவுசெய்தனர். வேலை திரும்பி வந்தால் சட்டென்று ஏறுவதற்காக. இறக்கம் 5,120 மில்லிசெக்கன்களுக்கு நீளும். கழிந்த நேரத்தின் வர்க்கத்தை இரண்டின் 18ஆம் அடுக்கால் வகுத்தால் எத்தனை சதவீதம் இறங்க வேண்டும் என்பது கிடைக்கும். 5,120இன் வர்க்கத்தை 2,62,144ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியாக 100. கெர்னலுக்குள் வகுத்தலைத் தவிர்த்து, பிற்றுகளை நகர்த்தியே கணக்கை முடிப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எண் அது.

பொதுச் சட்டகத்தில் சங்கிலி முறை இன்னும் இருந்தது. அதை மாற்றியவர் 2013 முதல் ராஃபேல் விசோட்ஸ்கியுடன் இணைந்து சிபியுஃப்ரெக்கைப் பராமரித்துவரும் விரேஷ் குமார். அவர் செய்ததைப் புரிந்துகொள்ள இலங்கையின் மாத்தளை மாவட்டத்து நீரோட்டத்தைப் பார்க்கலாம். பொல்கொல்ல அணைக்கட்டிலிருந்து சுரங்கம் வழியே வரும் மகாவலி நீர் 1976 முதல் உக்குவளையில் மின் பிறப்பித்துவிட்டு, சுது கங்கை, அம்பன் கங்கை வழியே போவத்தென்னவை அடைகிறது. அங்கே கலாவெவப் பக்கம் திருப்பப்படும் நீரும் மின்நிலையத்தினூடாக எலஹெரப் பக்கம் இறங்கும் நீரும் பிரிகின்றன. வயலின் தேவை ஒன்று, மின்சாரத்தின் தேவை வேறொன்று, நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு இன்னொன்று. வந்தவரெல்லாம் தம் பாட்டில் மதகைத் திருகினால் யாருக்கும் கணக்குத் தெரியாது. ஒவ்வொரு தரப்பும் தன் எண்ணைப் பதிவுசெய்ய, ஓரிடத்தில் தீர்மானிப்பதே முறை.

2019 செப்டெம்பரில் வந்த 5.3 பதிப்பு அந்த முறையைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தது. பயனர், வெப்பக் கட்டுப்பாடு, ஏசிபிஐ என ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கோரிக்கையை வைத்திருப்பர். கேட்கப்பட்ட உச்சவரம்புகளில் மிகச் சிறியது செல்லும், கீழ்வரம்புகளில் மிகப் பெரியது செல்லும். கோரிக்கையை விலக்கினால் மற்றவர்களுடையது அப்படியே நிற்கும். முதல் வடிவம் கோரிக்கைகளைத் தனித்தனி சிபியு சாதனங்களோடு கட்டியது. பல மையங்களுக்குப் பொதுவான பாலிசியின் ஆயுளும் ஒரு சாதனத்தின் ஆயுளும் ஒன்றல்ல என்பதால் சிக்கல் எழுந்தது. சில வாரங்களிலேயே விசோட்ஸ்கி அவற்றைப் பாலிசியோடு நேரடியாக இணைத்தார். 2019 நவம்பரில் வெளியான 5.4 அந்த வடிவத்தைத் தாங்கிவந்தது. பழைய வெட்டும் சங்கிலியும் அதோடு நீக்கப்பட்டது.

ஆனால் இந்தத் திருத்தம் கணக்கை நேராக்கியதே தவிர, காரணத்தைப் பயனருக்குக் காட்டவில்லை. பாலிசியின் உச்சவரம்பைக் காட்டும் ‘ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரெக்’ கோப்பைத் திறந்தால் இன்றும் ஓர் எண்தான் கிடைக்கும். அது யாருடைய கோரிக்கை என்ற குறிப்பு அதில் இல்லை. பவர்என்வி செய்ததைப் பொதுச் சட்டகமும் செய்ய வேண்டும் என்று நான் கருதுகிறேன். அதுவரை, தோட்டப் பாடசாலை ஆய்வுகூடத்திலோ மாத்தளை நகரத்துப் பழுதுபார்க்கும் கடையிலோ மெதுவான லினக்ஸ் மடிக்கணினி ஒன்று மேசைக்கு வந்தால், அதைக் கழிக்கும் முன் மூன்று எண்களை ஒப்பிட வேண்டும்: வன்பொருளின் உச்சமான ‘சிபியுஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரெக்’, நடைமுறை உச்சமான ‘ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரெக்’, டிரைவர் ஆதரித்தால் ‘பயோஸ்_லிமிட்’. மூன்றாவது எண் முதலாவதைவிடச் சிறியதாக இருந்தால், முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது சார்ஜரை.