நத்தைக்கூட்டுக்குள் ஒரு கம்பி

நம்ம தோட்டப்பக்கம் பிள்ளைக்கு மூணு வயசாகியும் பேச்சு வரலன்னா பெரிசா யாரும் பதறுவதில்லை. "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான், பொறுங்க" என்பார்கள். கோயிலுக்கு ஒரு நேர்த்தியும் வைப்பார்கள். அந்தப் பொறுமைக்கு என்ன விலை என்பது கிரேம் கிளார்க் என்ற ஆஸ்திரேலியக் காது சத்திரசிகிச்சை நிபுணரின் கதையைப் படித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

கிளார்க் 1935 இல் நியூ சவுத் வேல்ஸின் கேம்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடைக்காரர், காது மந்தம். மருந்து வாங்க வந்தவர்கள் தங்கள் நோயை உரக்கச் சொல்ல, கடையில் நின்ற எல்லாருக்கும் அது கேட்கும். அந்தச் சங்கடத்தைப் பார்த்து வளர்ந்த பையன் காது வைத்தியரானதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், 1960களின் பிற்பகுதியில் கையிலிருந்த தொழிலை விட்டுவிட்டு, மறுபடியும் மாணவராகி ஆராய்ச்சிக்குப் போனதுதான்.

காரணம் இருந்தது. கிழிந்த செவிப்பறையை ஒட்ட அப்போதே தெரியும். நடுக்காதில் இறுகிப்போன சிற்றெலும்பை எடுத்துவிட்டுச் செயற்கை எலும்பு வைப்பதையும் 1956 இல் ஜான் ஷே செய்து காட்டியிருந்தார். ஆனால் உள்காது வேறு கதை. நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஒரு குழாய். அதற்குள் சத்தத்தை நரம்புக்குச் சொல்லும் நுண்மயிர்க் கலங்கள். அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. பேரிரைச்சலில் வருஷக்கணக்கா வேலை செய்பவர்களுக்கு வரும் காது மந்தமும் இந்த வகைதான். தேயிலை ஃபெக்டரியில் ரோலர் பக்கம் நின்ற தாத்தாமாரிடம் பேசிப் பாருங்க, கொஞ்சம் உரக்கத்தான் பேசணும்.

செத்த கலங்களைத் தாண்டி நரம்பையே மின்சாரத்தால் தட்டி எழுப்பலாமா? 1957 இல் பாரிஸிலும் 1961 இல் லொஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸும் முயன்றிருந்தார்கள். சத்தம் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. அந்தக் குழாயின் அடிப்பகுதி கீச்சுக்குரலையும் நுனி கனத்த குரலையும் வாங்குகிறது, சுருட்டி வைத்த ஹார்மோனியக் கட்டைகள் மாதிரி. ஒரே கட்டையை அழுத்தினால் பாட்டு வருமா? பல கட்டைகளைத் தனித்தனியாகத் தொட வேண்டும் என்றார் கிளார்க். 1970 இல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை, காசும் இல்லை. தொலைக்காட்சி நிதிசேகரிப்பில் சனங்கள் கொடுத்த பணம்தான் கைகொடுத்தது.

இன்னொரு சிக்கல், சுருண்ட குழாய்க்குள் கம்பியை நுழைப்பது எப்படி? 1977 இல் விடுமுறைக்குப் போன கடற்கரையில் ஒரு சங்கை எடுத்து, அதற்குள் புல்லைச் செருகிப் பார்த்தார். நுனி மெல்லிசாகவும் அடி விறைப்பாகவும் இருந்த புல் வளைந்து வளைந்து உள்ளே போனது. 1978 ஆகஸ்ட் 1 அன்று, விபத்தில் கேள்வியை இழந்த ரொட் சாண்டர்ஸுக்கு அந்த மாதிரிக் கம்பி பொருத்தப்பட்டது. பிறகு ஒரு பரிசோதனையில் தேசிய கீதத்தின் மெட்டைக் கேட்டதும் மனுஷன் எழுந்து நின்றாராம்.

சாண்டர்ஸுக்கு அந்த மெட்டு ஞாபகத்தில் இருந்தது. பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு அப்படியொரு ஞாபகமே கிடையாது. மூளை கேட்கப் பழகும் காலம் முதல் சில வருஷங்கள்தான். அமெரிக்காவில் 1985 இல் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது, 1990 இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. அதுவும் பிந்தியது என்று கண்டு 2000 இல் 12 மாதமாகவும் 2020 இல் 9 மாதமாகவும் குறைத்தார்கள். நாம "பொறுங்க" என்று சொல்லும் வயது எங்கே, இது எங்கே?

செவிப்புலனற்றோர் பலர் இந்தக் கருவியை எதிர்த்ததையும் சொல்லணும். சைகைமொழி ஒரு முழு மொழி, எங்களைப் பழுதுபார்க்க வேண்டாம் என்றார்கள். எங்களுக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் லயத்துப் பிள்ளைக்குச் சைகைமொழியும் லேசில் கிடைக்காது. தமிழில் கற்பிக்கும் நஃபீல்ட் பாடசாலை இருப்பது யாழ்ப்பாணம் கைதடியில். ஹட்டனிலிருந்து நாட்டின் மறுகோடி.

தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சையைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் சென்னையின் மோகன் காமேஸ்வரன். 2006 இல் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே ஆறு வயதுக்குட்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு அரச காப்புறுதியிலேயே இது நடக்கிறது. கருவி வைத்த மறுநாளே பிள்ளை பேசிவிடாது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேணும், அதுவும் வீட்டில் பேசும் மொழியில். நம்ம பக்கம் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினால் அன்றைக்குப் பேர் போச்சு. சத்திரசிகிச்சைக் கத்தியைவிட இந்தப் 'பேர்' எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

தாய் கொழுந்துக்குப் போன பிறகு கைக்குழந்தையை நாள் முழுக்கப் பார்ப்பவர் பிள்ளை மடுவத்து ஆயா. ஆறு மாதக் குழந்தை பின்னால் கேட்கும் சத்தத்துக்குத் திரும்பணும். எது திரும்புது, எது திரும்பலைன்னு அவருக்குத்தான் முதலில் தெரியும். அதைக் கவனிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்து, சந்தேகம் வந்தால் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக்கொடுக்கத் தோட்டத்து டிஸ்பென்சரியே போதும்.