இராயப்பரின் இல்லமும் இராயபுரத்துப் படகும்

திருநாட்டுக்குச் செல்லும் திருப்பயணம் நம் நாளில் பலருக்கும் கைகூடியுள்ளது. எருசலேம், பெத்லகேம், நாசரேத்து, கலிலேயா என நம் முன்னோர் மறையுரையில் மட்டுமே கேட்டறிந்த ஊர்களை, நம் பங்குகளைச் சேர்ந்த எளிய குடும்பத்தார் நேரிற் கண்டு திரும்பியுள்ளனர். தமிழக அரசு 2011-12ஆம் ஆண்டில் இப்பயணத்திற்கு ஆளுக்கு 20,000 ரூபாய் உதவி வழங்கத் தொடங்கி, பின்னர் அதனை 37,000 ரூபாயாக உயர்த்தியதும் இதற்குத் துணை நின்றது. ஆயினும் 2023 அக்டோபரில் அங்கு மூண்ட போர் பல பயணங்களைத் தடுத்து நிறுத்தியது. பயணம் தடைப்படும் காலம் சிந்தனைக்குரிய காலமாகும். திருநாட்டில் நாம் எதனைத் தேடுகின்றோம்? அங்குக் கண்டதன் ஒளியில் நம் ஊரை எவ்வாறு காண்கின்றோம்?

கலிலேயக் கடலின் வடகரையில் உள்ளது கப்பர்நாகும். கடல் என்று பெயரே தவிர, அது ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி. அக்கரையில் வலை வீசிப் பிழைத்த சீமோனைத்தான் இயேசு பெருமான் அழைத்துப் பாறை என்று பெயரிட்டார். கப்பர்நாகும் இடிபாடுகளைப் பிரான்சிஸ்கன் துறவியர் 1894இல் விலைக்கு வாங்கிக் காத்தனர். 1968இல் தொடங்கிய அகழாய்வில், கருங்கற்களால் ஆன எளிய குடியிருப்புகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றின் அறை மட்டும் முதல் நூற்றாண்டிலேயே தனித்துச் சுண்ணம் பூசப்பட்டிருந்தது. பிற்காலத்துத் திருப்பயணிகள் அதன் சுவர்ப்பூச்சில் மன்றாட்டுகளைக் கீறி வைத்திருந்தனர். அவ்வறையைச் சுற்றி ஐந்தாம் நூற்றாண்டில் எண்கோண வடிவில் ஆலயம் எழுந்தது. இதுவே இராயப்பரின் இல்லம் எனப் பண்டைக் கிறிஸ்தவர் போற்றினர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டில் பயணம் செய்த எகேரியா என்னும் பெண்மணியின் பெயரால் வழங்கும் குறிப்பொன்றும், திருத்தூதரின் வீடு ஆலயமானதையும் அதன் சுவர்கள் அப்படியே நின்றதையும் சொல்கின்றது. அரண்மனை அன்று, மாடமாளிகை அன்று; மீனவன் ஒருவனின் வீடே ஆலயமாயிற்று என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

அதே ஏரியில் 1986 ஜனவரியில் மற்றொரு வியப்பு நிகழ்ந்தது. மழை பொய்த்து நீர் வற்றியபோது, கினோசார் குடியிருப்பைச் சேர்ந்த மீனவச் சகோதரர் இருவர் சேற்றில் புதையுண்ட படகொன்றைக் கண்டனர். அதன் நீளம் 8.2 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என ஆய்வாளர் கணித்தனர். இயேசு ஏறிய படகு இதுவே என்று கூறச் சான்று எதுவும் இல்லை. ஆனால் அவர் காலத்து மீனவர் எத்தகைய படகில் உழைத்தனர் என்பதற்கு அது கண்கண்ட சான்று. கேதுரு, கருவாலி எனப் பலவகை மரங்கள் அதில் உள்ளன. கிடைத்த துண்டுகளைக் கொண்டு பலமுறை பழுதுபார்த்திருக்கின்றனர். வறுமையும் கைத்திறனும் ஒருசேர அப்பலகைகளில் பதிந்துள்ளன. அப்படகு வெளிப்பட்ட மறுமாதம், பிப்ரவரி 5ஆம் நாள், இராயப்பரின் வழித்தோன்றலாகிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் நம் சென்னைக்கு வந்தார்.

சென்னையின் வடகரையிலும் இராயப்பருக்கு ஓர் ஊர் உண்டு. இராயபுரம் என்னும் பெயரே அவர் பெயரால் அமைந்தது என்பர். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் 1829இல் உருவானது. அதனை எழுப்பியவர்கள் படகோட்டும் தொழில் புரிந்த குருகுல வம்சத்துக் கத்தோலிக்கர். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையை அணுகாமல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் ஏறியே கரை சேர வேண்டும். ஆணி அடித்த படகு இங்குள்ள அலையின் மோதலில் பிளந்துவிடும். ஆதலால் பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்தனர். அலை அடித்தால் அப்படகு வளைந்து கொடுக்கும், உடையாது. சீமையிலிருந்து வந்த ஆளுநரும் வணிகரும் மறைபரப்பாளரும் இப்படகோட்டிகளை நம்பியே கரையில் கால் வைத்தனர். நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து அலை கடந்தவர்கள், அலைமேல் நடக்க முயன்று அமிழ்ந்தபோது ஆண்டவரின் கரம் பற்றிய இராயப்பரைப் பாதுகாவலராகத் தேர்ந்ததில் வியப்பு உண்டோ?

காலம் மாறிற்று. 1861இல் இரும்புத் தூண்களின்மேல் கடற்பாலம் அமைந்தது. 1875இல் செயற்கைத் துறைமுகத்தின் பணி தொடங்கிற்று. 1881 நவம்பரில் வீசிய புயல் அதனைச் சிதைத்தும், மீண்டும் எழுப்பினர். கப்பல்கள் கரையோரமே வந்து நின்றன. தைத்த படகுக்கு வேலை இல்லாது போயிற்று. தெற்கிலிருந்து வடக்கே மணலைக் கொண்டு செல்லும் கடலோட்டத்தைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மெரினாவில் மணற்பரப்பு அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. அதனைத் தடுக்க இன்று கற்பாறைகள் குவிக்கப்பட்டுள்ளன. இன்னும் வடக்கே, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவரின் படகுகளும் வலைகளும் கறைபட்டன. நகரம் பெற்ற வளத்தின் விலையை இக்கரை மக்களே செலுத்தி வருகின்றனர்.

கப்பர்நாகுமில் மண்ணுக்குள் புதைந்த மீனவனின் வீட்டை உலகம் அகழ்ந்தெடுத்துப் போற்றுகின்றது. ஒரு பழம்படகைக் காக்கப் பல ஆண்டுகள் உழைத்தது. நம் ஆலயத்தை எழுப்பிய படகோட்டிகளின் நினைவை நாம் எவ்வளவு காத்துள்ளோம்? அவர்கள் படகு தைத்த முறையை நம் பிள்ளைகளுக்கு என்றேனும் சொன்னோமா? கலிலேயக் கரையில் முழந்தாளிட்டு மண்ணை முத்தமிடும் நாம், காசிமேட்டுக் கரையில் வலை உலர்த்தும் சகோதரனைக் காணாது கடந்து சென்றால், அப்பயணத்தால் வரும் பயன் யாது?

திருநாடு செல்லும் வாய்ப்பு வாய்த்தோர் மகிழ்ந்து செல்லட்டும். ஆனால் புறப்படுமுன் ஒருநாள் இராயபுரம் ஆலயத்தில் சற்றே அமர்வோம், கடற்கரைவரை நடப்போம். உயிர்த்த ஆண்டவர் கரியடுப்பு மூட்டிச் சீடருக்கு உணவளித்தது ஒரு மீனவக் கரையில் என்பதை நினைவில் கொள்வோம். இங்குள்ள கரையை அன்பு செய்யக் கற்றவருக்கே அங்குள்ள கரை தன் பொருளை உணர்த்தும்.