எடுக்க வந்த குழாய்

“ரைஸ் ட்யூப் போட்டிருக்காங்க. வாய்வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதாம்.”

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட மாமியாரைப் பற்றி வார்டு வராந்தாவில் ஓர் அம்மாள் செல்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்த எனக்கு மனம் வரவில்லை. அரிசிக் கஞ்சி போகிற குழாய்க்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? ஆனால் கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பது ரைல்ஸ் ட்யூப். ரைல் என்பவர் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் மருத்துவர், ஜான் ஆல்ஃபிரட் ரைல். அவர் இதை யாருக்கும் சோறூட்டுவதற்காகச் செய்யவில்லை.

1921இல் அவருக்கு வேண்டியிருந்தது வயிற்றில் இருப்பதை வெளியே எடுக்க ஒரு வழி. வயிற்றுப் புண்ணுக்கும் அமிலத்துக்கும் என்ன உறவு என்று மருத்துவர்கள் துருவிக்கொண்டிருந்த காலம் அது. தடித்த குழாயை விட்டு ஒரே தடவை எடுத்துப் பார்த்தால் அந்த நிமிடத்துக் கணக்கு மட்டும்தான் கிடைக்கும். ரைலின் குழாய் மெல்லியது. நுனியில் சிறு எடை. ஒருமுறை விழுங்கிவிட்டால் மணிக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். சோதனைக்கு வருபவர் இரவெல்லாம் பட்டினி கிடக்க வேண்டும். காலையில் ஓட்ஸைக் கொதிக்கவைத்து, மஸ்லின் துணியில் வடிகட்டிய கஞ்சி தருவார்கள். அதைக் குடித்தபின் கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அமிலம் ஏறுவதையும் இறங்குவதையும் கோடாக வரைவார்கள். நோயாளியின் கோட்டைப் படிக்க வேண்டுமென்றால் நோயில்லாதவன் கோடு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே! அதற்காக ரைலும் பென்னட் என்ற மருத்துவரும் ஆரோக்கியமான 100 ஆண்களைச் சோதித்தார்கள்.

அங்கே கஞ்சி வாய்வழியே போய்க் குழாய்வழியே வந்தது. நம் வார்டிலும் கஞ்சிதான், துணியில் வடிகட்டியதுதான். திசைதான் மாறிவிட்டது.

குழாயில் ஊட்டுவது ரைலுக்கு முந்திய வேலை. 1790இல், விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒருவருக்கு ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் திமிங்கலத்தின் வாய்த்தகட்டின் மேல் விலாங்குமீன் தோலை உறைபோல மாட்டித் தொண்டைக்குள் செலுத்தினார். அந்தத் தோல்குழாயின் வழியே உணவும் மருந்தும் இறங்கின. அந்த நோயாளி தேறினார். ரப்பர் வந்தபின் விலாங்குக்கு விடுதலை.

ரைலின் குழாய், பிறந்த நாட்டில் இன்னும் பெரும்பாலும் பழைய வேலையைத்தான் பார்க்கிறது: குடல் அடைத்தவரின் வயிற்றில் தேங்குவதை வடிப்பது. ஊட்டுவதற்கு அங்கே இன்னும் மெல்லிய, வளையக்கூடிய குழாய்கள் வந்துவிட்டன. நம் ஊரில் வடிக்கவும் ஊட்டவும் இதேதான். விலை மலிவு என்பது ஒன்று. வீட்டில் அரைத்து வரும் கஞ்சி மெல்லிய குழாயில் அடைத்துக்கொள்ளும் என்பது இன்னொன்று.

“குளுக்கோஸ்தான் ஏறுதே, அப்புறம் மூக்குல எதுக்கு?” என்ற கேள்வி எல்லா வார்டிலும் உண்டு. 5 சதவீதக் கரைசல் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, 100 கலோரிகூடத் தேறாது. இரண்டு இட்லி என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் புரதம் கிடையாது. தீவிர சிகிச்சையில் கிடப்பவரின் தசை வேகமாகக் கரையும். அதனால்தான் குடல் வேலை செய்கிறவரையில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் குடல்வழியாகவே ஊட்டத் தொடங்கச் சொல்கிறார்கள். நீர்த்த கஞ்சியும் போதாதுதான். அதில் முட்டையோ பருப்போ பால்பவுடரோ சேர்ந்தாக வேண்டும் என்பதை யாராவது நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கையில் 50 மில்லி சிரிஞ்சைக் கொடுத்து ஒரே ஒருமுறை செய்துகாட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

குழாய்க்கு யார் மூக்கு என்ற பேதம் கிடையாது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி 2000 நவம்பரில் உண்ணாவிரதம் தொடங்கிய இரோம் ஷர்மிளாவின் மூக்கில், இம்பால் மருத்துவமனைக் காவலில், ஏறக்குறைய 16 ஆண்டுகள் இப்படியொரு குழாய் இருந்தது. 2016 ஆகஸ்ட் 9 அன்று அவர் தானாக நாவில் வைத்தது தேன்.

இப்போது வரும் குழாய் பிவிசி. நீளம் 105 சென்டிமீட்டர். நுனியில் சின்னச் சின்ன எஃகு உருண்டைகள். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை என்று உடம்பின் மேலேயே அளந்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். வழி தவறி மூச்சுக்குழலுக்குள் போனால் நினைவோடு இருப்பவர் இருமுவார். நினைவில்லாதவர் இருமாமலேகூட இருந்துவிடலாம், அதுதான் பயம். காற்றை அடித்து ஸ்டெதாஸ்கோப்பில் ‘களுக்’ சத்தம் கேட்பது நம் வழக்கம். அதை நம்ப வேண்டாம் என்று பிரிட்டனின் நோயாளி பாதுகாப்பு அமைப்பு 2005இலேயே சொல்லிவிட்டது. எக்ஸ்ரே பார்க்கலாம், அல்லது கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அமிலம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பிஹெச் 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வயிறுதான்.

அன்று மாலை சிஸ்டர் செய்ததும் அதைத்தான். சிரிஞ்சில் இரண்டு மில்லி இழுத்து, காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, நிறம் பார்த்துத் தலையசைத்தார். கட்டிலின் தலைமாட்டை உயர்த்திவிட்டு, “ஊத்துங்கம்மா, அழுத்தாதீங்க, அதுவா இறங்கட்டும்” என்றார். மருமகள் அழுத்துதண்டைக் கழற்றிய சிரிஞ்சைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். ராகிக் கஞ்சி 50இல் நின்றது. மாமியார் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி 40க்கு வந்தது.